நின்ற நாட்களின் கணக்கு

டிரெய்லரின் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் எடுக்க ஒரு கைப்பதம் வேண்டும். இரும்பில் குத்தியிருக்கும் எண்ணின்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். 1999-இல் மணலி பக்கம் ஒரு டிரெய்லர் வாடகைக் கம்பெனியில் யார்டு கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்குக் கற்றுத்தந்த முதல் வேலை அதுதான். காலையில் மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து போவேன். கிரீஸும் துருவும் கலந்த அந்த வாசனை சட்டையோடு வீட்டுக்கு வரும். பதின்மூன்று ஆண்டுகள் வந்தது.

2025 ஆனியில், பணகுடியில் இருக்கும் பழைய டிரைவர் அண்ணாச்சியைப் பார்க்கப் புறப்பட்டேன். ரயிலில் ஏறினால் ஒரே இரவு. ஆனால் எனக்கு எங்கள் டிரெய்லர்கள் போன சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. காரை எடுத்துக்கொண்டு, தெற்கே போக வேண்டியவன் முதலில் வடக்கே மணலிக்குப் போனேன். எங்கள் யார்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு. வாசலில் இருந்த வேப்பமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் அடியில்தான் டிரைவர்கள் லுங்கியை விரித்துப் படுத்திருப்பார்கள். அங்கிருந்து கிளம்பினேன்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் குழம்புவார்கள். லாரி வாடகைக்கு விடுகிறீர்களா என்பார்கள். லாரி எங்களிடம் இல்லை. முன்னால் இழுத்துப் போகும் வண்டியை ஹார்ஸ் என்பார்கள், அது வேறொருவருடையது. பின்னால் இழுபடும் நாற்பதடி இரும்பு மட்டும் எங்களுடையது. அதற்கு எஞ்சின் கிடையாது, முன்பக்கம் சக்கரம் கிடையாது. ஹார்ஸைக் கழற்றிவிட்டால் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். ஆனாலும் அதற்குத் தனி ஆர்.சி. புத்தகம், தனி நம்பர் பிளேட், தனி எஃப்.சி. இரண்டையும் சேர்ப்பது முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு முளை. கிங்பின் என்று பெயர். இரண்டு அங்குலம் ஒரு வகை, மூன்றரை அங்குலம் இன்னொரு வகை. அந்த முளையில்தான் முப்பது டன்னும் இழுபடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மரவியாபாரி வந்து, தன் படகை ஃபோர்டு காரின் பின்னால் கட்டி இழுத்துப் போக ஏதாவது செய்துதரும்படி கேட்டாராம். கொல்லர் செய்து கொடுத்த வண்டி படகுக்கு உதவியதைவிட மரம் ஏற்றுவதற்கு நன்றாக உதவியது. அதற்கு அவர் செமி டிரெய்லர் என்று பெயர் வைத்தார். குதிரை வண்டியின் கணக்கு வேறு: குதிரை நின்றால் வண்டியும் நிற்கும். டிரெய்லரில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஒரு டிரெய்லரில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஹார்ஸ் இன்னொன்றை இழுத்துப் போகலாம். ஒரு ஹார்ஸுக்கு இரண்டு மூன்று டிரெய்லர் தேவைப்படும். அத்தனையையும் சொந்தமாக வாங்க எல்லோராலும் முடியாது. எங்கள் பிழைப்பு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

வண்டி கேட்டைத் தாண்டும்போது ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுவேன். பன்னிரண்டு டயர்களின் எண்கள் முதலில். போகிற டயரும் வருகிற டயரும் ஒன்றாக இருக்க வேண்டுமே! புது டயரோடு போன வண்டி வழுக்கை டயரோடு திரும்பியதும் உண்டு. பிறகு கன்டெய்னரின் மூலைகளைப் பூட்டும் ட்விஸ்ட் லாக், கமான் பட்டைகள், பிரேக் ஹோஸ், பின்விளக்கு, ஊன்றுகாலின் கைப்பிடி. கடைசி வரியில் தேதியும் நேரமும். வாடகை ஓடத் தொடங்குவது அந்த நிமிடத்திலிருந்து. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு. சொன்ன நாளைத் தாண்டினால் ஹால்டிங் கட்டணம் தனி. என் பேரேட்டில் வண்டி ஓடிய தூரத்துக்குக் கட்டமே கிடையாது.

எண்ணூர் விரைவுச்சாலைக்கு வந்தேன். இடப்பக்கம் கடல். எத்தனை ஆண்டுகள் இந்தச் சாலையில் டிரெய்லர்கள் வாலோடு மூக்கு ஒட்டிக் கிலோமீட்டர் கணக்கில் நின்றிருக்கின்றன! ஒரு பக்கம் நகரம், ஒரு பக்கம் கடல், நடுவே வழி ஒன்றுதான். சென்னைத் துறைமுகத்தை நகரம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.  1983-இல் கன்டெய்னர் முனையம் திறந்த காலத்தில் இவ்வளவு பெட்டிகள் வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்? மூன்று நாள் வரிசையில் நின்றால் அதை யாரும் செய்தியாகச் சொல்லமாட்டார்கள். டிரைவர்கள் டிரெய்லருக்கு அடியில், இரண்டு அச்சுகளுக்கு நடுவே, தார்ப்பாயைத் தொட்டில்போலக் கட்டித் தூங்குவார்கள். வரிசை பத்தடி நகர்ந்தால் எழுந்து பத்தடி ஓட்ட வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான். ஆகவே தூக்கமும் தூக்கமில்லை. குளிக்க இடமில்லை. கடல் இருக்கிறதே என்பீர்கள்; உப்புநீரில் குளித்துவிட்டு வேர்வையோடு கேபினில் உட்கார்ந்து பாருங்கள்.

கன்டெய்னர் பிறந்ததே ஒரு லாரிக்காரரின் காத்திருப்பிலிருந்து என்று ஒரு கதை உண்டு. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 1937-இல் பஞ்சுப் பொதிகளோடு துறைமுகத்துக்கு வந்து, ஒவ்வொரு பொதியாக ஆட்கள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு பகல் முழுதும் லாரியிலேயே உட்கார்ந்திருந்தாராம். வண்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று அப்போது தோன்றியதாம். 1956 ஏப்ரலில் அவருடைய கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. கப்பலின் காத்திருப்பு அன்றோடு குறையத் தொடங்கியது. வாரக்கணக்கில் கரையில் கிடந்த கப்பல்கள் ஓரிரு நாளில் திரும்பின. அந்தக் காத்திருப்பில் ஒரு பங்கு கப்பலிலிருந்து இறங்கி, வாசலுக்கு வெளியே சாலைக்கு வந்துவிட்டது என்று விரைவுச்சாலையில் நின்ற எவரும் சொல்வார்கள்.

மதுரவாயல் பக்கம் கூவத்தை ஒட்டி அந்தத் தூண்களையும் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை உயர்மட்டச் சாலை வரும், டிரெய்லர்கள் ஊருக்குள் வராமல் நேராகப் போய்விடும் என்று 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். அன்று எங்கள் யார்டில் டிரைவர்கள் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடித்தார்கள். 2012-இல் வேலை நின்றது. பத்து ஆண்டுகள் தூண்கள் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. 2022-இல் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். இப்போது வேலை நடக்கிறது. அன்று டீ குடித்தவர்களில் பலர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார்கள்.

செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம். சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் பீப் என்று ஒலிப்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. உளுந்தூர்பேட்டையில் நேரே திருச்சிக்குப் போயிருக்கலாம். நாமக்கல்லைப் பார்க்காமல் போக மனமில்லாமல் கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் என்று சுற்றினேன்.

நாமக்கல்லை முட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் அறிந்தவர்கள் பலர். எனக்கு அது வெல்டிங் பொறி பறக்கும் ஊர். புது டிரெய்லர் கட்ட முதலாளி என்னை அங்கே அனுப்புவார். பட்டறையில் நான்கு நாள் உட்கார்ந்திருப்பேன். இரண்டு நீள இரும்பு விட்டங்களைக் கிடத்தி, குறுக்குச் சட்டங்களைப் பற்றவைப்பார்கள். முதல்முறை போனபோது விட்டத்தின் நடுப்பகுதி லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்து, கோணலாக இருக்கிறதே என்று பதறினேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாரம் ஏறுனா நேராயிரும்ங்க. இப்பவே நேரா வச்சா, பாரம் ஏறுனப்பறம் வயிறு தொங்கிப்போயிரும்" என்றார். அதற்குப் பிறகு யார்டில் வெறும் வண்டிகள் நிற்கும்போது பக்கவாட்டில் குனிந்து அந்த வளைவைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. வளைவு போன வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்த வண்டி. வாடகைக்கு எடுத்தவர் எத்தனை டன் ஏற்றினார் என்று சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் வண்டியின் முதுகு பொய் சொல்லாது.

அந்தப் பட்டறை இன்றும் இருக்கிறது. மேஸ்திரி இல்லை, அவர் மகன் நடத்துகிறார். கேபின்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று உத்தரவு வந்திருப்பதைச் சொன்னார். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. மே மாதத்தில் எஞ்சின் சூட்டின்மேல் உட்கார்ந்து ஓட்டியவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. ஓடும்போது குளிரும். நிற்கும்போது டீசலை யார் எரிக்க விடுவார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்தேன். மேட்டூர் திறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. தண்ணீர் கலங்கலாகப் போனது. கரூர், திண்டுக்கல், மதுரை. மதுரையில் இரவு தங்கினேன். மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். இங்கிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போகும் 44-ஆம் எண் சாலை அன்றைக்கு ஏழாம் எண். 2006 மார்ச்சில் அந்தச் சாலையில்தான் அண்ணாச்சியோடு காற்றாலை இறக்கைகளின் பின்னால் போனேன்.

மார்ச் மாதம் எங்கள் தொழிலில் திருவிழா. 31-ஆம் தேதிக்குள் காற்றாலையை நிறுவிவிட்டால் வருமானவரியில் தேய்மானச் சலுகை பெரிதாகக் கிடைக்கும். ஆகவே பிப்ரவரியிலேயே நீட்டிக்கும் டிரெய்லர்களுக்கு அடிபிடி. முதலாளி அப்படி மூன்று வைத்திருந்தார். நடுவில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்திருக்கும். முளையை எடுத்து ஹார்ஸை முன்னால் நகர்த்தினால் வண்டி நீளும். திரும்பி வரும்போது சுருக்கிக்கொள்ளலாம். சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய மூன்று இறக்கைகள். ஒவ்வொன்றும் நாற்பது மீட்டருக்கு மேல். நாட்களைக் குறிக்க என்னையும் கூட அனுப்பினார்கள்.

முதல் வண்டியில் அண்ணாச்சி. அவர் எங்கள் ஆள் இல்லை. ஹார்ஸ்காரரிடம் டிரிப் கணக்கில் ஓட்டியவர். ஆனால் எங்கள் யார்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். ராத்திரி ஓட்டம். முன்னால் ஒரு ஜீப் சிவப்புக்கொடி கட்டிப் போகும். வண்டியின் மேல் ஒரு பையன், கையில் காய்ந்த மூங்கில் கம்பு. தாழ்வாகத் தொங்கும் கம்பிகளைத் தூக்கிப் பிடித்து இறக்கையை அடியில் விடுவான். வாலில் ஒருவர் நடந்து வருவார். திருப்பத்தில் கேபினில் இருப்பவருக்கு வால் தெரியாது. அது பக்கத்து வயலுக்குள் போய் வேலிக்கு மேல் நீந்திக்கொண்டு வரும். வாலில் நடப்பவர் "வரலாம், வரலாம், நில்லு" என்று வாக்கிடாக்கியில் சொல்வதை நம்பி அண்ணாச்சி ஸ்டீயரிங்கை விரலகலம் விரலகலமாகத் திருப்புவார். நீளத்தைப் பார்த்துப் பாரம் என்று நினைக்கக் கூடாது. அதன் எதிரி காற்று. கயத்தாறு தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தபோது இறக்கை மொத்தமாக ஒருமுறை முனகியது. அண்ணாச்சி ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய் அதன் வயிற்றைத் தடவினார், மாட்டைத் தடவுவதுபோல. அங்கங்கே நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. மாற்றுப்பாதை வரும் இடமெல்லாம் அரைமணி, ஒருமணி.

ஐந்தாம் நாள் வள்ளியூர் தாண்டினோம். இறக்க வேண்டிய இடத்தில் அடித்தளம் இன்னும் காயவில்லை, கிரேன் வேறிடத்தில் மாட்டிக்கொண்டது என்றார்கள். சாலையோரம் மூன்று வண்டிகளும் நின்றன. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஆறு நாள். நான் பக்கத்து ஊரில் லாட்ஜில் தங்கினேன். டிரைவர்கள் வண்டியை விட்டு நகரக் கூடாது. இறக்கையில் ஒரு கீறல் விழுந்தால் பொறுப்பு அவர்களுக்கு. தண்ணீரைக் குடத்தில் விலைக்கு வாங்கினார்கள். மூன்றாம் நாள் அண்ணாச்சியின் பேட்டா பணம் தீர்ந்துபோனது. அவருடைய மகளுக்கு அந்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. வீடு பணகுடியில், கண்ணுக்கு எட்டுகிற தூரம். போகவில்லை.

ஏழாம் நாள் காலையில் நான் ஹால்டிங் பில்லை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வண்டி, ஆறு நாள். நல்ல தொகை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

"இது யாருக்குத் தம்பி?"

"அது வண்டிக்கு, அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஒப்பந்தப்படி அது டிரெய்லருக்கான பணம், எங்கள் கம்பெனிக்கு வர வேண்டிய பணம். அவருக்குக் கூலி டிரிப்புக்குத்தான். டிரிப் என்பது ஓடிய தூரம். ஒரே இடத்தில், ஒரே ஆறு நாளில், இரும்பு சம்பாதித்தது, மனிதர் சம்பாதிக்கவில்லை. அதை எழுதிய கை என்னுடையது. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

பின்னாளில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வேலைநேரம் என்றால் என்ன என்று அதில் சொல்லியிருந்தது. வண்டி ஓடும் நேரம், அதைச் சேர்ந்த சில்லறை வேலைகள், அத்தோடு முனையங்களில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாகச் சும்மா இருக்கும் நேரம். பதினைந்து நிமிடம்! அந்த வரியை எழுதியவர் ஏதோ ஒரு பஸ் நிலையத்தை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். ஆறு நாள் சாலையோரம் நிற்கும் மனிதரை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னதும் உண்டு. "டிரைவர் நம்ம ஆள் இல்லையேப்பா" என்றார். ஹார்ஸ்காரரைக் கேட்டால், "ஹால்டிங் வாங்குறது நீங்கதானே" என்றார். இருவரும் சொன்னது சரி. அந்த இரண்டு சரிகளுக்கு நடுவில் அண்ணாச்சி இருந்தார்.

இந்தமுறை நாங்குநேரி தாண்டும்போதே காற்று காரைத் தள்ளத் தொடங்கிவிட்டது. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப்பக்கம் மழை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறும் காற்று மட்டும் இந்தப்பக்கம் பாய்ந்து வரும். பனைகள் எல்லாம் ஒரே திசைக்கு முடியை அவிழ்த்துவிட்டிருந்தன. பணகுடியில் அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி தேய்ந்துவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறார்.

"வாங்க தம்பி. எம்புட்டு வருசமாச்சு! மெலிஞ்சிட்டியளே."

அன்று பரீட்சை எழுதிய மகள் இப்போது நர்ஸ், திருநெல்வேலியில் வேலை. சோறும் தீயலும் சாப்பிட்டோம். அந்த ஆறு நாட்களைப் பற்றி நானாகத்தான் பேச்செடுத்தேன். "அதுக்கென்ன இப்போ?" என்று என் இலையில் இன்னொரு கரண்டி தீயலை ஊற்றினார். பிறகு, முப்பந்தல் வரை போய்வரலாமா என்று அவரே கேட்டார்.

1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை அரசு நட்டுப்பார்த்தது. அதற்குப் பின் வந்த சின்னக் காத்தாடிகள் முப்பந்தலில் காடாக நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நட 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. போகிற வழியில் வயலுக்கு நடுவே பழைய இறக்கைகள் தரையில் கிடந்தன. பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. கொஞ்ச தூரத்தில், சாலையை விட்டு இறங்கிய மண்திட்டில், ஒரு நீளமான டிரெய்லர் நின்றது. அதன்மேல் புது இறக்கை. நான் பார்த்தவற்றில் இவ்வளவு நீளம் இல்லை. வாலின் நுனியில் கட்டியிருந்த சிவப்புத்துணி காற்றில் கிழிந்து நாராகியிருந்தது.

காரை நிறுத்தச் சொன்னார் அண்ணாச்சி. இறங்கிக் கம்பை ஊன்றி நேராக வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நானும் என்னையறியாமல் டயர்களை எண்ணினேன். அச்சுகளுக்கு நடுவில் கட்டிய தார்ப்பாயிலிருந்து ஒரு பையன் எட்டிப்பார்த்து இறங்கி வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கண் சிவந்திருந்தது.

"எந்த ஊருடே?"

"நாமக்கல் பக்கம்ங்க."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்ங்க."

"எத்தனை நாளாச்சு நின்னு?"

"நாலு நாளாச்சுங்க. காத்து கொறஞ்சாத்தான் கிரேன் தூக்குவாங்களாம்."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் கதவைத் திறந்து, வீட்டில் கட்டிக்கொடுத்த சோற்றுப்பொட்டலத்தை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஹால்டிங் தர்றாங்களா, தம்பி?"

பொட்டலத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

"வண்டிக்கு உண்டுங்க."